ஐஸ் மேல் வைத்த முட்டைகள்

பிள்ளைகளே, தொண்ணூறுகளின் கடைசியில், கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக வேலை எனக்கு. விரல் நீளம்கூட இல்லாத, கோடு போட்ட மீன்கள். காலையில் விளக்குப் போட்டதும் முட்டையிடும். அதை வடிகட்டித் தட்டில் எடுத்து, இருபத்தெட்டு டிகிரிப் பெட்டியில் வைக்க வேண்டும். பத்தாவது படித்த எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஒரு மே மாதக் காலை, முட்டை எடுத்த கையோடு கரண்ட் போனது. அறை கொதித்தது. லேக் மார்க்கெட்டில் மீனை ஐஸில் போட்டுத்தானே கெடாமல் வைக்கிறார்கள்? நானும் ஐஸ் மேல் துணி விரித்துத் தட்டை வைத்தேன். கரண்ட் வந்ததும் பெட்டிக்குள் மாற்றிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே ஆராய்ச்சி செய்த பெண் என்னைவிடச் சின்னவர். ஆனாலும் வங்காள வழக்கப்படி நான் அவரைத் தீதி, அதாவது அக்கா என்பேன்; அவர் என்னைத் தாதா, அதாவது அண்ணா என்பார். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். பல கருக்களுக்குத் தலையே இல்லை. வெறும் வயிறும் வாலும்.

"மீனே சரியில்ல தாதா. இந்தத் தொட்டியக் காலி பண்ணிடலாம்."

எல்லாம் நான் வளர்த்த மீன்கள். ஆனால் என் வேலை நீட்டிப்புக் கடிதம் அந்த வாரம்தான் வர வேண்டும். உங்களில் மூத்தவள் அப்போது அம்மா வயிற்றில். என்றாலும் சொல்லிவிட்டேன்.

"மீன் மேல தப்பில்ல தீதி. நான்தான் ஐஸ்ல வச்சேன்."

"ஐஸ்லயா? முட்டை போட்டு எத்தனை நிமிஷத்துல? எவ்வளவு நேரம்?"

"முதல்ல திட்டிடுங்க தீதி, அப்புறம் சொல்றேன்."

சிரித்துவிட்டார். "திட்டு எங்க ஓடிப் போகுது? நிமிஷத்தச் சொல்லுங்க."

எதிர்க் கட்டடத்தில் மூங்கில் சாரம் கட்டிப் பூச்சுவேலை நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே அதைக் காட்டித்தான் விளக்கினார். முட்டை ஒரே செல்லாக இருக்கும்போதே உள்ளே மெல்லிய குழல்களால் சாரம் கட்டிக்கொள்ளுமாம். முதுகும் தலையும் எந்தப் பக்கம் என்று சொல்லும் சரக்கு அதன் வழியாகத்தான் போகுமாம். குளிர்ந்தால் குழல்கள் கலைந்துவிடும். சூடு வந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளும். ஆனால் அதற்குள் சரக்கு போகிற நேரம் தாண்டிவிடும்.

"கலவை இறுகினப்புறம் சாரம் கட்டி என்ன பண்றது தாதா?"

மறுநாள் காலை ஐஸையும் ஒரு கடிகாரத்தையும் என் முன்னால் வைத்தார். "முந்தாநாள் செஞ்ச மாதிரியே செய்யுங்க. பாதி முட்டைய மட்டும்."

செய்தேன். அடுத்த நாள் என்னையே பார்க்கச் சொன்னார். ஐஸில் வைத்த பாதியில் தலையில்லாதவை கிடந்தன. மற்றப் பாதியில், கண்ணும் தலையுமாக ஒன்று முட்டைக்குள்ளேயே சட்டென்று துள்ளியது. நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

தொட்டி தப்பியது. கடிதமும் வந்தது. அந்தத் திட்டு மட்டும் இன்றுவரை வரவில்லை. அந்தத் தீதியை நினைத்தால் என் கை தானாகக் கூப்பிக்கொள்கிறது.