பதின்மூன்று சேர்ந்தால் கல்யாணம்

வாசலூர்பட்டி ஏரியில் மிதிபடகுகளைப் பார்த்துக்கொள்ளும் பொன்னனுக்கு நாற்பத்தொரு வயது, ஒன்றரை ஏக்கர் மிளகுக் காடு, அடங்காத வாய். வயதையும் காட்டையும் பொறுத்துக்கொண்ட பெண் வீட்டார்கூட அந்த வாயைப் பொறுத்துக்கொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் "பஜ்ஜிக்கு உப்புப் பத்தலீங்க" என்று சொன்னால் எவன்தான் பெண் கொடுப்பான்?

படகுத்துறைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த சுமித்ராவிடம் மட்டும்தான் அந்த வாய் செல்லுபடியானது. ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுப்பவள் அவள். ஒருமுறை கட்டிக்கொடுத்து, ஒரே வருஷத்தில் ஊர்க்கூட்டத்தில் தீர்த்துக்கொண்டு வந்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் பொன்னன் துணிந்து கேட்டேவிட்டான்.

"என்னையக் கட்டிக்கிறயா அம்மிணி?"

அவள் மறுக்கவில்லை. "கேட்டுச் சொல்றேனுங்க" என்றாள்.

கேட்பதென்றால் அந்தப் பக்கத்தில் அம்மனிடம் பூ வைத்துக் கேட்பார்கள். பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். சுமித்ராவுக்கு அதில் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது. "மொதக் கல்யாணத்துக்குப் பூ வலது பக்கந்தானுங்க விழுந்துச்சு. அந்தாளுதான் வேற பக்கம் போயிட்டான். பூ பொய் சொல்லுமுங்க, கணக்குப் பொய் சொல்லாது" என்றாள். அவள் கேட்டது ஒரு சீட்டுக்கட்டிடம்.

அந்தக் கட்டு, மழைக்குக் கடையில் ஒதுங்கிய ஒரு சுற்றுலாக் கூட்டம் ரம்மி ஆடி, சண்டை போட்டு, வாரியிறைத்துவிட்டுப் போனது. அந்தக் கூட்டத்தில் சண்டையில் சேராத ஒரு பெண்மணிதான் தனியாக ஆடும் ஆட்டத்தைச் சுமித்ராவுக்குச் சொல்லிக் கொடுத்தவள். அவர்கள் போனபின் சுமித்ரா தரையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கித் துடைத்து வைத்துக்கொண்டாள். எண்ணவில்லை. கோழிக்குஞ்சை எண்ணினால் பருந்து தூக்கும், பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகும் என்று வளர்ந்தவள், தேடி வந்த பொருளை எண்ணுவாளா?

ஆட்டம் சுலபம். சீட்டைக் கலைத்து, வரிசைக்கு ஐந்தாக இரண்டு வரிசை பரப்ப வேண்டும். கூட்டினால் பதின்மூன்று வருகிற இரண்டு சீட்டை எடுத்து ஓரமாக வைக்கலாம். எட்டும் ஐந்தும் ஜோடி, ஏழும் ஆறும் ஜோடி. ஜாக்கிக்குப் பதினொன்று, அதனால் அவனுக்கு ரெண்டாம் நம்பர் துணை. ராணிக்குப் பன்னிரண்டு, அவளுக்கு ஒன்று என்று கணக்காகும் ஆஸ் துணை. ராஜா ஒருத்தனே பதின்மூன்று, யாரும் வேண்டாமென்று தனியே கிளம்பிவிடுவான். காலியான இடத்தைக் கையிலிருக்கும் கட்டின் மேல்சீட்டால் நிரப்ப வேண்டும். பத்துச் சீட்டிலும் ஜோடி அமையாவிட்டால் ஆட்டம் செத்தது. எல்லாச் சீட்டும் ஜோடி சேர்ந்து தரை காலியானால் ஜெயம்.

காலையில் முதல் டீ போட்டதும் ஆடும் முதல் ஆட்டம்தான் அம்மன் வாக்கு. அது ஜெயித்த அன்றைக்குக் கல்யாணப் பேச்சு.

பொன்னன் தினமும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து டீயோடு சேர்த்து உயிரையும் கையில் பிடித்துக்கொண்டிருப்பான். சும்மா இருந்தானா? "அந்த மூணும் பத்தும் கண்ணுல படலீங்களா அம்மிணி?" என்பான். "வாக்குல வாய் வெக்காதீங்க" என்று அவள் கரண்டியைக் காட்டுவாள்.

பாதி நாள் ஆட்டம் நடுவிலேயே செத்துவிடும். மீதி நாள் இன்னும் கொடுமை. ஜோடி ஜோடியாகக் கழிந்து கழிந்து, கடைசியில் தரையில் ஒற்றை ஆறு மட்டும் மல்லாந்து கிடக்கும். ஒருநாள் சிவப்பு ஆறு, இன்னொரு நாள் கறுப்பு ஆறு. ஆனால் ஆறுதான்.

"பாத்தீங்களா, அது நாந்தானுங்க. ஒத்தையாவே கெடன்னு சொல்லுது" என்று அவள் சீட்டை அள்ளும்போது குரல் இறங்கிப்போகும். அந்த நாட்களில் பொன்னன் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போவான். அவனுக்கு அவள்மேல் அவ்வளவு ஆசை.

போன செவ்வாய்க்கிழமையும் அதே ஒற்றை ஆறு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பால் காய்ச்சப் போனாள். அந்த நேரம் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அவர்கள் உட்காரட்டும் என்று பொன்னன் தன் பெஞ்சை இழுத்து முன்னால் போட்டான். பெஞ்சு ஒரு பக்கமாக ஆடியது. கால் இருந்த இடத்தில், நான்காக மடித்த அட்டை ஒன்று நசுங்கிக் கிடந்தது.

அதை வைத்தவன் அவனேதான். அந்த ரம்மிக் கூட்டம் போன அன்று, பெஞ்சு ஆடுகிறதே என்று தரையில் கிடந்த ஏதோ அட்டையை மடித்துச் செருகியிருந்தான். இப்போது பிரித்துப் பார்த்தான். சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ஏழு.

பதின்மூன்றில் ஆறு போனால் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணினான். மறுபடியும் எண்ணினான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஏரியில் எறிந்துவிடலாம். கட்டுக்குள் கமுக்கமாகச் செருகியும்விடலாம். ஆனால் அவன் வாய் எதற்கு அடங்கியது, இதற்கு அடங்க? வேன்காரர்கள் படகேறும்வரை பல்லைக் கடித்துப் பொறுத்தான், பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

சுமித்ரா அந்தச் சீட்டை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ரெண்டு வருசமா எம்பட கல்யாணத்து மேலயே உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தீங்களா?"

திட்டித் தீர்ப்பாள் என்று பொன்னன் தலையைக் குனிந்தான். அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "இத்தன நாள் ஆடுனது எதுவும் செல்லாது. இதான் மொத ஆட்டம்" என்று அதையும் சேர்த்துக் கட்டைக் கலைத்தாள்.

பத்துச் சீட்டு விழுந்தது. ராஜா ஒருவன் போனான், இரண்டு ஜோடி போனது. அவ்வளவுதான். காலியிடங்கள் நிரம்பியபின் பத்தும் ஒன்றோடொன்று ஒட்டாமல் முகம் திருப்பிக்கொண்டு நின்றன. ஜோடியே இல்லை. வரிசையில் ஓர் ஆறு மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டம் செத்துவிட்டது.

சுமித்ரா கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். நான்காக மடிந்து கிடந்த ஏழு, கட்டின் நடுவில் முதுகு தூக்கிக்கொண்டு நின்றது. அவள் நிதானமாக அதை உருவி எடுத்து, ஆறின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஓரமாக நகர்த்தினாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த சீட்டை எடுத்தாள்.

பச்சை அழுகுணி ஆட்டம். பொன்னன் வாயைத் திறந்தான்.

சுமித்ரா நிமிர்ந்து பார்த்தாள்.

நாற்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக அவன் வாயை மூடிக்கொண்டான்.