இரண்டு பிடி வேர்க்கடலை

தொண்ணூறுகளில் ஒரு பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தோடு மலையைச் சுற்றி நடந்தபோது, அடி அண்ணாமலை ஊரருகே முன்பின் தெரியாத ஒருவர் பேச்சுக் கொடுத்தபடி எனக்கு இணையாக வந்தார். மருத்துவ ஆராய்ச்சிகளுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் போடுபவராம். எதற்குப் பதில் சொல்வதென்றாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்குப் புது மருந்து ஏறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. "பழைய மருந்தை விடப் புதுசுல பொழைச்சவங்க ஜாஸ்தினு டாக்டர் சொல்றாருங்க," என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார். கையிலிருந்த பொட்டலத்தில் தோலோடு அவித்த வேர்க்கடலையில் எனக்கு ஒரு பிடி கொடுத்து, தானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டார்.

"ஒரே மூட்டை மல்லாட்டைதான். ஆனா உங்க கையில சொத்தை கம்மியா இருக்கலாம், என் கையில ஜாஸ்தியா இருக்கலாம். கொஞ்சம் பேரை வெச்சுப் பார்த்தா மருந்தும் அப்படித்தாங்க. வித்தியாசம் மருந்தாலயா, சும்மா அமைஞ்சதானு தெரியாது."

"எத்தனை பேரைப் பார்த்தா தெரியும்?"

நிலவொளியில் மிதப்பதுபோல் எங்கள் முன்னால் நகர்ந்த தலைகளைக் கைகாட்டினார்.

"இவ்ளோ பேரைப் பார்த்தா எந்த மருந்து நல்லதுனு சொல்லிடலாம். உங்க அக்காவைப் பத்தி மட்டும் அப்பவும் சொல்ல முடியாதுங்க."

கூட்டம் அவரை எங்கோ இழுத்துக்கொண்டு போனது. அவர் கொடுத்ததில் கடைசிக் கடலையை மட்டும் சொத்தையா நல்லதா என்று உடைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கைக்குள் மூடியபடியே மலையைச் சுற்றி முடித்தேன்.