என் வீட்டுக்காரர் கொண்டுபோன போத்தல்

வாரத்தில் இரண்டு நாள் மெஷினில் படுத்து இரத்தம் சுத்தம் செய்துகொள்கிறேன். அங்கே புதிதாக வந்த டாக்டர் பெண் ஒரு தாளை வைத்துக்கொண்டு, பிரஷர் இருந்ததா, சீனி வியாதி இருந்ததா, வலி மாத்திரை நிறையப் போட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். கடைசியில், "சிறுநீரகத்துல கோளாறுன்னு முதல்ல எப்பம்மா தெரிஞ்சது?" என்றாள்.

"எங்க வீட்டுக்காரர் பொய் சொன்னப்ப," என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம். என் வீட்டுக்காரர் தோட்டத்து லொறி ஓட்டினார். தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. என் முகத்தைப் பார்க்காமல்கூட ஒரு நாள் இருந்துவிடுவார், லொறியின் முகத்தைத் துடைக்காமல் இருக்க மாட்டார்.

அவருக்குச் சாயங்காலமானால் கால் வீங்கியது. தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரை அதைக் கண்டு, மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். எங்கள் டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். "நாளைக்கு ஒரு போத்தலிலை சலம் கொண்டு வா," என்றிருக்கிறார். எங்கள் பேச்சில் சலம் என்றால் புண்ணில் வருவது. "எனக்குப் புண்ணே இல்லீங்களே," என்று இவர் காலைத் தூக்கிக் காட்ட, சிறுநீரைத்தான் கேட்டேன் என்று ஐயா விளக்கமாகவே சொல்ல வேண்டியதாயிற்று.

மறுநாள் விடிந்ததும் போத்தலோடு என்னிடம் வந்து நின்றார்.

"இந்தா புள்ள, நீ நல்லாத்தானே இருக்க. ஒன்னோடதக் குடு. என்னோடதப் பாத்து எதாச்சும் வியாதின்னுட்டா லொறிச் சாவி வேற ஆளு கைக்குப் போயிரும்."

"பொய் இல்லீங்களா அது?"

"போத்தல்ல பேரா எழுதியிருக்கு?"

கொடுத்தேன். ஐயா அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் காட்டினாராம். கொதித்ததும் முட்டை வெள்ளை மாதிரித் திரண்டுவிட்டதாம்; வியாதி இருந்தால்தான் அப்படித் திரளுமாம். "உப்பு தொடப்படாது, கருவாடு தொடப்படாது, மூண்டு கிழமைக்கு லொறிப் பக்கம் போகப்படாது," என்று சொல்லிவிட்டார். இவர் எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்தது. சாவி கைமாறியது.

அந்த மூன்று வாரமும் அவர் உப்பில்லாத ரொட்டியை முழுங்கிக்கொண்டு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். லொறிச் சத்தம் கேட்டால் மட்டும் வாசலுக்கு வந்து, "கியரு மாத்துறதப் பாரு, மாட்டு வாலத் திருகுற மாதிரி," என்பார். நான் வழக்கம்போலக் கொழுந்து எடுக்க மலைக்குப் போய்வந்தேன். ஓய்வில் அவர் கால் வீக்கம் வடிந்துவிட்டது.

ஐயா மறுபடி கூப்பிட்டபோது, இனி என்ன பயம் என்று தன்னுடையதையே கொண்டுபோனார். எவ்வளவு கொதித்தும் அது தெளிவாகவே இருந்தது. "என்ரை மருந்துக்கு ஒருத்தரும் இப்பிடிச் சுகமானதில்லை," என்று ஐயா முதுகில் தட்டினாராம். சாவி திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்தேன். இரண்டாவது தடவை சோறு வாங்கிப் பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"புள்ள, மொதப் போத்தல் ஒன்னோடதுல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் எழுந்தால் என் முகமும் கண்ணிமையும் உப்பியிருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு சதை போட்டிருக்கிறேன் என்று பக்கத்துக் காம்பராக்காரிகள் சொல்ல, நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் கையைக் கழுவினார். என்னை அழைத்துக்கொண்டு நேரே ஐயா வீட்டுக்குப் போய், லொறிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். ஐயா முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"மலையிலை தண்ணி குடிக்கிறனியே?"

"இல்லீங்க. குடிச்சா ஒதுங்கணும். அங்க மறைவு கெடையாது, கங்காணி நிப்பாரு."

"வேறை ஏதும் மருந்து?"

"தலவலித் தூளுங்க. ஸ்டேஷன் கடைக்கார நானாகிட்ட வாங்குறது. காலைல ஒண்ணு, பகல்ல ஒண்ணு. போடாட்டி கூடை தூக்க முடியாது."

"எவ்வளவு காலமாய்?"

"வேலைக்குப் பேரு பதிஞ்சதுலருந்துங்க. ஏழெட்டு வருஷம் இருக்கும்."

ஐயா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தண்ணியில்லாமல் நாள் முழுக்க வெயிலிலை நிக்கிறாய், இந்தத் தூளையும் போடுறாய், பிரஷரும் கூடிக் கிடக்கு. குண்டிக்காய் பாவம், என்ன செய்யும்?"

சிறுநீரகத்துக்கு அவர்கள் ஊரில் அப்படியொரு பெயர். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. இவருக்கு வரவில்லை. சாவியை ஐயாவே எடுத்து இவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, "இவளை நாளைக்கு உந்த லொறியிலையே ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போ," என்றார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தேன். தூளை விட்டேன், தலைவலி ஒரு மாதம் ஆடித் தீர்த்துவிட்டுப் போனது. ஐயா பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சிறுநீரகங்கள் அதற்குப் பிறகும் நாற்பது வருஷம் எனக்காக உழைத்தன.

நான் திரும்பி மலைக்குப் போன அன்று, ஓடைக்குப் பக்கத்தில் நான்கு கம்பு நட்டு, பழைய சாக்கைக் கட்டி ஒரு மறைப்பு நின்றது. லொறியில் சாக்கு ஏற்றிவந்து இவர்தான் கட்டியிருந்தார். "பொம்பளைங்க தண்ணி குடிக்கவும் ஒதுங்கவும் கெளம்பிட்டா கூடை எப்பிடிங்க நெறையும்?" என்று கங்காணி இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் அவருடைய மகளே கூடையை இறக்கி வைத்துவிட்டு அதற்குள் போனாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.