உப்பில்லாத சாப்பாடு

கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஒருவருக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் மஞ்சள் காமாலை வந்தது. டாக்டர் மருந்தோடு கீழாநெல்லியும் உப்பில்லாப் பத்தியமும் இருவருக்கும். அவர் கட்டை மீசைக்காரர். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும், கீழாநெல்லி அரைத்துக் கலக்கிய மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பாயசம் குடித்தவர்போல மீசையைத் துடைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னுடையது கடைப் பொடி, நானே கலக்கியது.

"உப்பில்லாம எப்படிண்ணே துன்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் மட்டுமா துன்றேன் நைனா? ஊட்ல சம்சாரமும் கூடவே குந்திக்கினு உப்பில்லாம அதையேதான் துன்னுது. வேணாம்னா கேக்க மாட்டேங்குது. ஒரே பேஜாரு!"

பேஜாராம். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

என் வீட்டில் எனக்கு மட்டும் தனிச் சட்டி, மற்றவர்களுக்கு நெத்திலிக் குழம்பு.

காமாலை இருவருக்கும் சரியாகிவிட்டது. இப்போது நானும் நெத்திலிக் குழம்புதான் சாப்பிடுகிறேன். ஆனாலும் முதல் கவளத்தில் அந்த மனுஷன் நினைவு வந்து வயிறு எரிகிறது.