சைகைக்காரியின் இடது இமை

கட்டடம் எழும்பும் இடங்களில் கிரேனுக்குக் கீழே நின்று கையசைக்கும் ஆள் ஒருவர் இருப்பார். ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத மூலைமுடுக்குகளை அவருக்காகப் பார்த்து, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று கையாலேயே சொல்லுவார். பதினோர் ஆண்டுகளாக அவள் அந்த வேலையில் இருந்தாள். ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சிறு வட்டம் போட்டால் ‘ஏற்று’ என்று பொருள். அந்த விரலுக்கு மேல் மற்றக் கையை அசையாமல் விரித்துப் பிடித்தால் ‘மெல்ல ஏற்று’. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ‘நில்’. இயந்திர இரைச்சலில் அவளுக்கு வாயால் ஆகவேண்டிய காரியம் எதுவும் இருந்ததில்லை. வீட்டில் கஞ்சி கொதித்துப் பொங்கினாலும் கணவனை நோக்கி முஷ்டியைத்தான் மடக்குவாள். அவரும் அடுப்பை அணைத்துவிடுவார்.

அவளுடைய இடக்கண்ணின் இமை பிறவியிலேயே பாதி இறங்கியிருந்தது. பார்வையில் பழுதில்லை, கருவிழியின் மேற்பகுதியை இமை மறைத்தது, அவ்வளவே. அதைச் சமாளிக்கப் புருவத்தை நெற்றிவரை ஏற்றி, தாடையைத் தூக்கிப் பார்த்துப் பழகியிருந்தாள். பள்ளியில் ‘தூங்குமூஞ்சி’ என்றார்கள். வேலையிடத்தில் ‘அண்ணாந்தா’ என்று பெயர் நிலைத்தது. புதிதாக வந்த மேற்பார்வையாளர் அவளுக்குத் திமிர் அதிகம் என்று ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தார். சிமென்ட் லாரிக்காரர் ஒருவர், அவள் தம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள் என்று எண்ணி இரண்டு நாள் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் அவளுடைய கணவர் சோறு கொண்டுவந்ததைப் பார்த்தபிறகு சீப்பைப் பைக்குள் போட்டுவிட்டார். இவற்றுக்கெல்லாம் அவள் சிரித்துவிட்டுப் போனாள். மாலையானால் நெற்றி வலிக்கும், அதையும் பொருட்படுத்தியதில்லை.

அவள் பொருட்படுத்திய ஒன்று கிரேன் ஓட்டுநரின் இருக்கை. பயிற்சி முடித்து, எழுத்துத் தேர்விலும் தேறியிருந்தாள். பழைய ஓட்டுநர் மூன்று மாதத்தில் வேறிடம் போகிறார் என்ற செய்தி வந்த அன்று மேற்பார்வையாளரே அவளைக் கூப்பிட்டு, “மெடிக்கல் மட்டும் முடிச்சுட்டு வாம்மா, சீட்டு உனக்குத்தான்” என்றார். அன்று அவள் வீட்டுக்கு நடந்து போனாள் என்பதைவிட ஓடினாள் என்பதே பொருந்தும்.

மருத்துவச் சோதனையில்தான் சிக்கல் வந்தது. வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைத்து, ஓரங்களில் மின்னும் சிறு வெளிச்சப் புள்ளிகளைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். தாடைக்கு ஒரு தாங்கி, நெற்றிக்கு ஒரு பட்டை.

“தாடையைத் தூக்காதீங்க” என்றாள் சோதனை செய்த பெண். “நெத்தியையும் சுருக்காதீங்க.”

“அப்ப எதைத்தான் தூக்கறது?”

“ஒண்ணையும் தூக்க வேணாம், சும்மா பாருங்க.”

சும்மா பார்த்தாள். இடக்கண்ணுக்கு மேற்பக்கம் முழுவதும் இருட்டு. கிரேனின் நீண்ட இரும்புக்கை நுனியும், கீழே பாரத்தின் எடையைக் காட்டும் திரையும் ஒரே நேரத்தில் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும். தாடையைத் தூக்கினால் திரை மறையும், இறக்கினால் நுனி மறையும். ‘தற்போது தகுதியில்லை’ என்று தாளில் விழுந்தது.

குறை இமையிலா, கண்ணுக்குள்ளா என்று அறிவதற்காக அந்தப் பெண் இமையைத் தூக்கி ஒட்டுநாடாவால் ஒட்டி, மீண்டும் கிண்ணத்துக்குள் பார்க்கச் சொன்னாள். இப்போது மேலே ஒரு புள்ளி, பக்கத்தில் ஒன்று, இன்னும் மேலே ஒன்று. அவளுடைய கட்டைவிரல் பொத்தானில் துள்ளியது.

“இத்தனை விளக்கு புதுசா போட்டிருக்கீங்களா?”

“அதே விளக்குதாங்க. அப்பவும் எரிஞ்சுது.”

ஒட்டுநாடாவைப் பிரிக்காமலேயே வீட்டுக்கு வந்தாள். இமைக்க முடியாமல் கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தையற்காரரான கணவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்தார்.

“யாரு அடிச்சது?”

“யாரும் அடிக்கலைங்க. நம்ம பரண்ல எவ்வளவு ஒட்டடை இருக்கு தெரியுமா? வாசப்படியில இருந்தே தெரியுது.”

“அதுக்கா இவ்வளவு சந்தோஷம்? நாளைக்கு என்னை ஏணியில ஏத்தப்போற, அவ்வளவுதானே.”

மறுநாளே இருவரும் இமைச் சிகிச்சை செய்யும் மருத்துவரிடம் போனார்கள். இமை திடீரென்று இறங்கியதா, மாலையில் அதிகமாகிறதா, உருவம் இரண்டாகத் தெரிகிறதா என்று அவர் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். அப்படி ஏதாவது இருந்தால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டு, வழிகளை ஒவ்வொன்றாக விளக்கினார். மூக்குக்கண்ணாடிக்குள் சிறு கம்பி வைத்து இமையைத் தாங்கலாம். ஆனால், இமைப்பது சிரமம், தூசியில் கண் உலரும். சொட்டு மருந்து உண்டு. வயதினால் இறங்கிய இமையைச் சில மணிநேரம் ஏற்றும், பிறவியில் தசை வலுவிழந்த இமைக்குப் பயன்படாது. மூன்றாவது, இமையைத் தூக்கும் தசையைச் சுருக்கித் தைப்பது.

‘தைப்பது’ என்றவுடன் கணவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“டாக்டர், தப்பா நெனைக்காதீங்க. ஆளைப் படுக்கவெச்சு அளவெடுத்தா, எழுந்து நிக்கறப்ப துணி வேற மாதிரி விழும். நான் யாரையும் நிக்கவெக்காம ஓரம் மடிச்சதில்ல.”

மருத்துவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவரை முழுதாகப் பார்த்தார். “நாங்களும் அப்படித்தாங்க. இமை மட்டும் மரத்துப்போற ஊசி போடுவோம். பாதியில இவங்களை உட்காரவெச்சு, கண்ணைத் திறக்கச் சொல்லி, அளவு பார்த்துத்தான் முடிச்சுப் போடுவோம்.”

பிறகு அவளுடைய இடது இமையை விரலால் தூக்கிக் காட்டினார். வலது இமை சற்றே கீழே இறங்கியது.

“ஐயோ, நல்ல கண்ணுக்கும் வந்துடுச்சே” என்றார் கணவர்.

“வரலைங்க. இத்தனை நாளா மூளை ரெண்டு இமையையும் சேர்த்து இழுத்துக்கிட்டிருந்தது. இது ஏறினா, அது கொஞ்சம் ஓய்வெடுக்கும். அதையும் கணக்குல வெச்சுக்கணும்.”

அறுவைச்சிகிச்சை நாளன்று அவளுக்கு ஒரே கவலைதான்: கொஞ்சமாக ஏற்றிவிட்டு, மறுசோதனையில் தோற்றுவிடக் கூடாது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் படுத்தாள். பாதியில் உட்காரவைத்தார்கள். மருத்துவர் சிறு அளவுகோலைக் கண்ணருகே பிடித்தார். போர்வைக்குள்ளிருந்து அவளுடைய இரண்டு கைகளும் தாமாகவே வெளியே வந்தன: ஒன்று விரலை நீட்டி வட்டம் போட, மற்றது அதற்கு மேலே விரிந்து நின்றது.

“டாக்டர், இவங்களுக்கு ரொம்ப வலிக்குது போல” என்ற செவிலி ஊசியை எடுத்துவிட்டார்.

“இருங்க. இன்னும் மருந்து போட்டா தசை சோம்பிடும், அளவே தப்பிப்போகும். வலிக்குதாம்மா?”

“வலிக்கலை டாக்டர். மெல்ல ஏத்துங்கன்னு சொன்னேன்.”

செவிலி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருத்துவர் தையலைச் சற்று இறுக்கினார். விரல் மீண்டும் வட்டம் போட்டது.

“ஏத்தலாம். ஆனா தூங்கறப்ப கண்ணு சரியா மூடாது. நீங்க மணல் பறக்கற இடத்துல வேலை பார்க்கறவங்க. இந்தாங்க, நீங்களே பாருங்க” என்று கண்ணாடியை நீட்டினார்.

வாழ்நாளில் முதன்முறையாக நெற்றியில் மடிப்பில்லாத தன் முகத்தை அவள் பார்த்தாள். இடது இமை ஏறியிருந்தது. வலது இமை, மருத்துவர் சொன்னதைப் போலவே, ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. இனி ஏற்றினால் சாய்ந்துவிடும்.

“சோதனைக்கு இது போதுமா டாக்டர்?”

“போதும்னுதான் நெனைக்கிறேன். உறுதியா சொல்ல முடியாது.”

இன்னும் ஏற்றாமல் விடும் ஒரு மில்லிமீட்டரில்தான் ஓட்டுநர் இருக்கை தொங்கிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. ஆனால், மட்டத்துக்கு வந்த பாரத்தை மேலும் தூக்கச் சொல்லி அவள் ஒருநாளும் கையசைத்ததில்லை. கையை நீட்டி முஷ்டியை மடக்கினாள்.

“இதுக்கு என்னங்க அர்த்தம்?” என்றார் செவிலி.

“முடிச்சைப் போடச் சொல்றாங்க” என்றார் மருத்துவர்.

வீக்கமும் நீலமும் வடிய மூன்று வாரம் ஆயிற்று. பனிக்கட்டி ஒத்தடம், சொட்டு மருந்து, களிம்பு எல்லாம் நேரப்படி நடந்தன. பகலில் அவள் கண்ணயரும்போது கணவர் அளவுநாடாவுடன் பக்கத்தில் வந்து குனிவார். “இன்னைக்கு ஒரு நூல் திறந்திருக்கு” என்பார்; தையற்காரர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அடுத்த வாரம் “அரை நூல்” என்றார். பிறகொரு நாள் அளக்க இடைவெளியே இல்லாமல் போகவே, நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு தையலுக்குத் திரும்பினார்.

ஆறாம் வாரம் மறுசோதனை. ஒட்டுநாடா இல்லை. மேலே புள்ளிகள் ஒவ்வொன்றாக மின்ன மின்ன அழுத்திக்கொண்டே போனாள். மிக உச்சியில் இரண்டு மட்டும் தப்பின. சோதனை செய்த பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எண்ணினாள்.

“ரெண்டு போனா பரவாயில்லைங்க, அது எல்லைக்குள்ளதான். தகுதின்னு எழுதியிருக்கேன்.”

மறுநாள் காலை, படி மூன்றேறிக் கிரேனின் கூண்டுக்குள் உட்கார்ந்தாள். தலையைப் பின்புறத் தாங்கியில் சாய்த்தாள், தாடையை அசைக்கவில்லை. கண்ணாடிக் கூரைக்கு மேல் இரும்புக்கையின் நுனி தெரிந்தது. அதே பார்வையில் கீழே திரையின் எண்களும் தெரிந்தன. எதிரே சங்கிலி கட்டிய உத்தரம் காத்திருந்தது.

“என்னம்மா, தூக்கலையா?” என்று கீழிருந்து மேற்பார்வையாளர் கத்தினார்.

“இருங்க சார், பார்த்துக்கிட்டிருக்கேன்.”