மகாராணிக்கு மாப்பிள்ளை

இல்லை, மூக்கு என்னுடையதுதான். காது வேண்டுமானால் சம்பந்தியுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும், அதில் நான் தகராறு செய்யவில்லை. பேத்தி பிறந்த அன்று நர்ஸ் அவளைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது எல்லோரும் குனிந்து ஜாடை தேடினோம். என் சம்பந்தி மட்டும் ஜாடை பார்க்கவில்லை. ஒரு கையில் அவளைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அவளுடைய குட்டிக் கையை மெதுவாக விரித்தார். விரல் ஒவ்வொன்றையும் இறகு தடவுகிற மாதிரி தடவினார். பிறகு கண்ணை உற்றுப் பார்த்தார்.

"நல்ல எலும்பு. கண்ணும் தெளிவா இருக்கு."

"அது குழந்தைங்க, புறா இல்ல" என்றார் சம்பந்தியம்மா.

"புறாவா இருந்தா வாலையும் பார்த்திருப்பேன்ல."

அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என் மகளை அவருடைய மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். தொழில் வெல்டிங். கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். பட்டறைச் சுவரில் பாதி முடிந்த கேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். பொறி பறக்க வேலை நடக்கும்போதே திடீரென்று நிறுத்திவிட்டு, முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளி, வானத்தைப் பார்ப்பார். பக்கத்தில் வாடிக்கையாளர் யாராவது நின்றால் அவரும் என்னவோ ஏதோ என்று பார்ப்பார். அதனால் அவருக்கு அண்ணாந்தார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ரோட்டிலும் அப்படித்தான் நடப்பார். சாக்கடையில் காலை விட்டதும் உண்டு, விளக்குக் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டதும் உண்டு.

"ஊருக்கெல்லாம் கேட் போடுறார். எங்க வீட்டு கேட்டுக்குத் தாழ்ப்பாள் இல்ல, கயிறு கட்டி வெச்சிருக்கோம்" என்று சம்பந்தியம்மா என் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். அது பொய்யில்லை. அவருடைய நல்ல வேலையெல்லாம் அவர் வீட்டு மொட்டைமாடியில்தான் இருக்கிறது. புறாக்களுக்கு அவரே வெல்டிங் வைத்துச் செய்த கூண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அறை, மழைச்சாரல் அடிக்காமல் மடக்குக் கதவு, கால் வழுக்காத தட்டு. அந்த வசதி எனக்குக் கல்யாணமான புதிதில் கிடைக்கவில்லை.

அவர் வளர்ப்பது கரணப் புறா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூட்டமாக மேலே போகும், வட்டம் அடிக்கும். திடீரென்று ஒன்று பின்பக்கமாகக் கரணம் போட்டுக்கொண்டே விழும். அவ்வளவு வேகம், இறகு தெரியாது, தலை தெரியாது, நூல் பந்து ஒன்று உருண்டு வருகிற மாதிரி இருக்கும். தரையில் மோதிவிட்டது என்றே நாம் நினைக்கும்போது அது சட்டென்று நின்று, இறகை விரித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே போய்விடும்.

முதல் தடவை அவர் மாடியில் நின்று பார்த்தபோது கறுப்புப் பெட்டை ஒன்று மற்றதையெல்லாம்விட ஆழமாக விழுந்தது. நானும் விவரம் தெரிந்தவன் மாதிரி, "அந்தக் கறுப்புதானே சம்பந்தி இருக்கறதுலயே உசத்தி?" என்றேன்.

"விழுறதுக்கு என்ன, செங்கல்லைத் தூக்கிப் போட்டாலும் விழும். நிக்கணும். நின்னு, திரும்ப மேலே போய்க் கூட்டத்துல சேரணும். இவ என்னைக்காவது ஒருநாள் நிக்க மறந்துடுவா. இவளுக்கு நான் ஜோடி சேர்க்க மாட்டேன்."

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார். வேகம் போதாதா, கழித்துவிடுவார். கரணம் போட்டுவிட்டுக் கூட்டத்தில் சேராமல் தனியே சுற்றுகிறதா, கழித்துவிடுவார். கரணமே போடாவிட்டால் கேட்கவே வேண்டாம். கழித்ததைக் கொல்ல மாட்டார், யாருக்காவது கொடுத்துவிடுவார். கொடுத்தால் கொடுத்ததுதான். கைமாறிய புறாவைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பது புறாக்காரர்களுக்குள் எழுதாத சட்டம். புறா வளர்க்கும் பேக்கரிக்காரர் ஒருவர் தான் கொடுத்ததைத் தெரியாத்தனமாக ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டார். நம்மவர் அவரைப் பார்க்கும் இடத்திலெல்லாம், "போன வாரம் வித்த பன்னைத் திருப்பிக் கேட்டீங்களாமே" என்று ஓட்டி, அந்த மனிதர் வேறு வழியாக வீட்டுக்குப் போகும்படி செய்துவிட்டார்.

எனக்கும் ஒன்று கிடைத்தது. அந்தக் கறுப்போடு பிறந்த பெட்டை, சாம்பல் நிறம். வருஷம் தாண்டியும் ஒரு கரணம் போடவில்லை. பறக்கும், வரும், தின்னும், தூங்கும்.

"வெச்சுக்கங்க சம்பந்தி. உங்களை மாதிரியே சாது" என்று கூடையோடு கொண்டுவந்து என் சலூனில் வைத்தார். புது இடம் பழகும்வரை பறக்காதபடி இறகைக் கட்டியும் கொடுத்தார். கட்டை அவிழ்த்த பிறகும் அது பழைய வீட்டுக்குப் போகவில்லை. துண்டு காயப்போடும் கம்பியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேலை எதுவும் செய்யாமல் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறதே என்று என் மனைவி அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தாள்.

பிறகு சம்பந்திக்குக் கெட்ட காலம் வந்தது. மகாராணியின் தாயை, அவர் மாடியிலேயே சிறந்த பெட்டையை, வல்லூறு ஒன்று அவர் கண்ணெதிரே அடித்துக்கொண்டு போனது. கொஞ்ச நாளில் அந்தக் கறுப்பு அவர் சொன்ன மாதிரியே நிற்க மறந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்த சத்தம் பட்டறைவரை கேட்டதாம். அந்த வம்சத்தில் ஆண்கள் இருந்தார்கள், பெட்டை இல்லை. வெளியிலிருந்து பெட்டை கொண்டுவந்தால் அவர் இவ்வளவு காலம் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த வேகமும் நிதானமும் கலைந்துவிடும். "சரியாவே சாப்பிடறதில்ல. கேட்டா பல் வலிங்கறார்" என்று சம்பந்தியம்மா போனில் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்தார். முகம் பூராவும் நுரை. கத்தியைத் தாடையில் வைத்தபடி பேச்சுக் கொடுத்தேன்.

"உங்க மகாராணிக்கு உடம்பு சரியில்ல சம்பந்தி. நேத்துலேர்ந்து வலிப்பு வருது. மேலே போறா, அப்படியே சுருண்டு விழறா. ஓட்டுல மோதறதுக்குள்ள தெளிஞ்சுடுது."

தலையைத் திருப்பிவிட்டார். திருப்பாதவர்கள் யாரையும் நான் கீறியதில்லை.

"என்ன சொன்னீங்க?"

"முதல்ல ரத்தத்தைத் துடைச்சுக்கங்க."

"ரத்தம் கிடக்கட்டும். முன்பக்கமா விழறாளா, பின்பக்கமா?"

"நான் என்ன அளந்தா பார்த்தேன்?"

கழுத்தில் கட்டிய துணியோடு, பாதி முகம் நுரையோடு தெருவில் போய் நின்றார். எதிர்க்கடை பெயர்ப்பலகையில் இருந்த மகாராணி அவருக்காகவே காத்திருந்த மாதிரி எழும்பினாள். சுற்றினாள். பஸ்ஸுக்கு நின்றவர்களும் அவரோடு சேர்ந்து மேலே பார்த்தார்கள். உருண்டு விழுந்தாள், நின்றாள், மேலே போனாள். அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மிச்சத்தை வழிங்க."

"வலிப்புதானே?"

"வலிப்பெல்லாம் இல்ல" என்றார். மறு கன்னத்தைக் காட்டிக்கொண்டே, "நல்லா சாப்பிடறாளா?" என்று கேட்டார்.

"எங்களைவிட நல்லா."

மறுநாளிலிருந்து தினமும் வர ஆரம்பித்தார். மகளும் பேத்தியும் அப்போது எங்களோடு இருந்தார்கள். சலூனுக்கு மேலேதான் வீடு. பேத்தியைப் பார்க்க இவ்வளவு ஆசையா என்று எனக்குப் பெருமை, கொஞ்சம் பொறாமையும்கூட. குழந்தையை வாங்குவார், வெயில் காட்டுகிறேன் என்று மொட்டைமாடிக்குப் போய்விடுவார். என் மனைவிதான் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, அவர் பேத்தியைப் பார்க்க வரலைங்க. பேத்தியைப் பிடிச்சுக்கிட்டு வானத்தைப் பார்க்க வர்றார். பாப்பாவும் அவரோட சேர்ந்து கண்ணை மேலே சொருகுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வம்சத்துக்கு மிச்சமிருக்கும் ஒரே பெட்டை என் சலூனில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாடிக்குப் போனேன்.

"எடுத்துட்டுப் போங்க சம்பந்தி."

"எதை?"

"நடிக்காதீங்க. மகாராணியைத்தான்."

"குடுத்தது குடுத்ததுதான். திருப்பி வாங்கினேன்னு தெரிஞ்சா அந்த பேக்கரிக்காரர் என் பட்டறை வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து சிரிப்பார்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீங்க எதுக்குச் சொல்லணும்? என் மாடிக்கு மேல இவ ஒரு சுத்து சுத்தினா போதும். புறா வளர்க்கறவன் எவனும் கண்டுபிடிச்சுடுவான்."

"அப்ப வம்சம் போகட்டுமா?"

அவர் பேத்தியின் பாதத்தைப் பிடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கெஞ்சியும் பார்த்தேன், கோபப்பட்டும் பார்த்தேன். அந்த மனிதர் இரும்போடு பழகிப் பழகி அதுவாகவே ஆகிவிட்டார்.

வழி கண்டுபிடித்தது என் மனைவி. துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள், "பொண்ணைத் திருப்பிக் கேட்கக் கூடாது, சரி. மாப்பிள்ளையை அனுப்பக் கூடாதுன்னு ஏதாவது இருக்கா அண்ணே?"

அவர் திரும்பினார்.

"எங்க பொண்ணை உங்க வீட்டுக்கு அனுப்பினோம்ல. பதிலுக்கு நீங்க ஒரு பையனை எங்க வீட்டுக்கு அனுப்புங்க. வீட்டோட மாப்பிள்ளையா இருந்துட்டுப் போகட்டும். குஞ்சு பொரிச்சா உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு."

சம்பந்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தில் எங்கேயாவது இடிக்கிறதா என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார் போலிருக்கிறது. "இடிக்கல" என்றார்.

அன்று மாலையே வந்துவிட்டார். ஒரு கையில் கூடை, மறு கையில் புது இரும்புக் கூண்டு. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை.

"இது என்ன சம்பந்தி?"

"மாப்பிள்ளை வீட்டுச் சீர்."

கூடையில் இருந்தது நெஞ்சை நிமிர்த்திய செம்பழுப்பு ஆண். மகாராணியின் தாய்க்குக் கூடப்பிறந்தவனுடைய மகனாம். "மாமன் மகன். முறைப்பையன்தான்" என்று சிரிக்காமல் சொன்னார்.

மகாராணி முறையை மதிக்கவில்லை. கிட்ட வந்தால் கொத்தினாள். அவன் தொண்டையை உப்பிக்கொண்டு வாலைத் தரையில் தேய்த்துச் சுற்றிச் சுற்றி வருவான், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். சம்பந்தி பட்டறையிலிருந்து போன் செய்வார்.

"பேசிக்கிட்டாங்களா?"

"இன்னும் முகம் குடுத்தே பேசல."

"ஒட்டலைன்னா என்ன பண்றது சம்பந்தி? வேற வழியே இல்லையே." குரல் இறங்கியிருக்கும்.

"பொறுங்க. எங்க வீட்டுப் பொண்ணுங்க அப்படித்தான். என்னைக் கேளுங்க."

ஒருநாள் கடை கூட்டும்போது மகாராணி கீழே இறங்கி, வெட்டிப்போட்ட முடியைக் கவ்விக்கொண்டு மாடிக்குப் பறந்தாள். போன் செய்தேன். வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். கூண்டுக்குள் கூடு பாதி கட்டியாகிவிட்டது. மாமன் மகன் காவல் நின்றான். சம்பந்தி கூட்டில் கைவிட்டு நீள முடியையெல்லாம் ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். குஞ்சின் காலில் சுற்றினால் விரல் போய்விடுமாம். பதிலுக்கு வைக்கோல் வைத்தார்.

"இனிமே கடையைக் கூட்டின உடனே குப்பையை மூடிடுங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. முடித் தூசு என்றார்.

முட்டையும் வந்தது, குஞ்சும் வந்தது. பேத்திக்குத் தலை நின்ற வாரமும் அந்த வாரமும் ஒன்றுதான். எனக்கு எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. இரண்டு குஞ்சு. ஒன்று தாய் மாதிரி சாம்பல், இன்னொன்று அப்பன் நிறம், இறகு ஓரத்தில் மட்டும் வெள்ளை. இரண்டும் பெட்டை போலத்தான் தெரிகிறது என்றார், ஆனால் சத்தியம் செய்ய மாட்டாராம். இப்போது தாமாகவே தானியம் பொறுக்குகின்றன. பறக்க ஆரம்பித்துவிட்டால் இந்த மாடியைத்தான் தங்கள் வீடு என்று எடுத்துக்கொள்ளும். மகாராணி மாதிரி எல்லாப் புறாவும் சொன்னபடி வீடு மாறிவிடாது, அதனால் அவருக்குச் சேர வேண்டியதைக் கொண்டுபோவதென்றால் இப்போதே கொண்டுபோக வேண்டும்.

இன்று காலை அதற்காகத்தான் கூடையோடு வந்தார். என் மனைவி, மகள், பேத்தி எல்லோரும் மாடியில் கூடிவிட்டோம். "எது வேணுமோ நீங்களே எடுத்துக்கங்க" என்றேன். சாம்பலைக் கையில் எடுத்தார். நெஞ்செலும்பைத் தடவினார், இறகை விரித்தார், கண்ணை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். கூடையில் வைத்தார். பிறகு மற்றதை எடுத்தார். அதையும் அப்படியே பார்த்தார். சாம்பலை எடுத்து வெளியே விட்டுவிட்டு இதைக் கூடையில் வைத்தார். கொஞ்ச நேரம் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் மூடியைத் திறந்து அதையும் கூண்டிலேயே விட்டுவிட்டு, வெறும் கூடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்:

"போன தடவை மகாராணியைக் கழிச்சப்பவும் இப்படித்தான் சம்பந்தி அவசரப்பட்டேன். ரெண்டும் இங்கேயே பறக்கட்டும். எது நல்லா நிக்குதுன்னு பார்த்துட்டு, அப்புறம் எது உங்களுது, எது என்னுதுன்னு சாவகாசமா சண்டை போட்டுக்கலாம்."