எண்ணெய் படித்த ஒன்பது புத்தகங்கள்

முறுக்கு வேகும் வாசனை. அடுப்பருகே அம்மா. கட்டிலில் அக்கா. வாசற்படியில், பஸ்ஸுக்குக் கிளம்பி நின்ற மாமா, அம்மாவின் தம்பி. கட்டிலுக்கடியில் நான், புத்தகங்களோடு.

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீடு. வருஷம் 2008. எனக்குப் பதினொரு வயது. சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வருஷா வருஷம் புத்தகக் கண்காட்சி போடுவார்கள். மாமா கூட்டிப்போவார். கை கொள்ளாமல் வாங்கி வருவோம். அட்டையைத் தடவுவோம், மோந்து பார்ப்போம், கட்டிலுக்கடியில் தள்ளுவோம். படிப்பது மட்டும் நடக்காது.

அந்த வருஷம் அம்மா சட்டம் போட்டாள். போன வருஷம் வாங்கியதை முடித்தால்தான் கண்காட்சி. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால், "படிச்ச புஸ்தகம் அழுக்காயிருக்கும்" என்பாள். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அப்படித்தான் இருந்தன.

அதனால் முதல் ஈடு முறுக்கைத் தின்ற கையோடு, ஒன்பது புத்தகங்களிலும் பக்கத்துக்குப் பக்கம் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா காலைத் தொங்கவிட்டு என்னை மறைத்தாள்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். எட்டு தேறியது. ஒன்பதாவதில் விரல் நின்றது. சில தாள்கள் மேல்விளிம்பில் மடிப்பு வெட்டுப்படாமல், அச்சாபீசிலிருந்து வந்தபடியே ஒட்டிக்கிடந்தன.

"ஏன்டா, இதுக்குள்ள பூந்தா படிச்ச?"

மாமா சிரித்தார். "மாப்ள எங்க படிச்சான்? எண்ணெதான் படிச்சிருக்குதுக்கா."

கண்காட்சி போச்சு என்று நினைத்தேன். அம்மா காய் நறுக்கும் கத்தியை எடுத்து மடிப்பைக் கீறினாள். "இப்பப் படி."

படித்தேன். ஒருவன் பரிசலில் போகிறான். நடு ஆறு. பரிசலில் தண்ணீர் ஏறுகிறது. பக்கம் முடிந்தது.

"அப்புறம்?"

"அடுத்ததும் ஒட்டியிருக்குதும்மா."

கீறினாள். படித்தேன். சட்டியில் முறுக்கு கருகியது. ஒருவரும் திரும்பவில்லை. மாமாதான், "பஸ்ஸு, பஸ்ஸு" என்று கத்தினார். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"மிச்சத்த அப்புறம் படி. நானும் வரேன்."

மண்டபத்தில் எங்களுக்கு முன்னால் ஓடினாள். ஒவ்வொரு புத்தகத்தின் மேல்விளிம்பையும் நெருடினாள். ஒட்டியிருந்தால் பைக்குள் போட்டாள். "இதுல எவனும் கை வெக்கல. எல்லாம் புதுசு." மாமா தலையில் அடித்துக்கொண்டார். பை கிழிந்தது. அந்தக் குதூகலத்தில் பரிசல்காரனை மறந்துபோனோம்.

இப்போது வயரிங் வேலைக்குப் போகிறேன். மண்டபம் இருந்த இடத்தில் செல்போன் கடைகள். புத்தகங்கள் சீராக வெட்டி வருகின்றன, நெருட ஒன்றுமில்லை. வாங்குவதை மட்டும் விடவில்லை. அம்மா இன்னும் கேட்கிறாள், "அவன் கரையேறுனானா?"

நேற்று எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுத் தேடினேன். அகப்பட்டான், எண்ணெய்க் கறையோடு. இன்று அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். மிச்சம் படிக்காதவை, நூற்று நாற்பத்திரண்டு.